கொலையும் வஞ்சனையும்: தாந்தேயின் நரகில் வன்செயல்களின் வரிசை

கொலை தீது என்பதை மறுக்கும் சமுதாயம் உலகில் இல்லை. எனினும், ஒரு கொலையினும் மற்றொரு கொலை கொடியதா, கொலையினும் கொடிய குற்றம் வேறு உண்டா என்று வினவின், நாட்டுக்கு நாடும் காலத்துக்குக் காலமும் விடை வேறுபடக் காணலாம். சட்டம் ஒன்று சொல்லும். சமயம் ஒன்று சொல்லும். குடிப்பெருமை பிறிதொன்று சொல்லும். இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதிய ஒரு நகரத்தில் பிறந்து, அம்மோதலில் தம் வீட்டையும் ஊரையும் இழந்த ஒருவர், அவ்வினாவுக்குப் பாட்டால் விடை கூறினார். அவரே இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தே அலிகியேரி (1265–1321).

தாந்தே தம் காப்பியத்துக்கு இட்ட பெயர் 'கொம்மேதியா' என்பதே. 'தெய்விக' என்னும் பொருள்படும் 'திவினா' என்ற அடைமொழி, 1555இல் வெனிஸ் நகரில் அச்சான பதிப்பிலிருந்து நூற்பெயரோடு சேர்ந்து நிலைத்தது. நரகம், உத்தரிக்கும் தலம், வானுலகம் என மூன்று காண்டங்களும், 100 படலங்களும், 14,233 அடிகளும் கொண்டது இந்நூல். 1300ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருநாளையொட்டித் தாந்தே தாமே மறுவுலகங்களைச் சுற்றி வருவதாகக் கதை அமைகிறது. நரகத்தில் அவருக்கு வழிகாட்டி உரோமப் பெருங்கவிஞர் வெர்ஜில். நரக காண்டத்தின் 34 படலங்களுள் 12 முதல் 17 வரை உள்ளவை, வன்செயல் புரிந்தோர் தண்டனை பெறும் ஏழாம் வட்டத்தைப் பாடுகின்றன. அவ்வட்டம் எவ்வாறு பகுக்கப்பட்டது, ஏன் அவ்வாறு பகுக்கப்பட்டது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

குருதி காயாத நகரம்

தாந்தே பிறந்த புளோரன்சு நகரம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் செல்வத்தால் ஓங்கியது. 1252 முதல் அந்நகரம் வெளியிட்ட 'புளோரின்' என்னும் பொற்காசு ஐரோப்பியச் சந்தைகளிலெல்லாம் செல்லுபடியாயிற்று. ஆயினும் அந்நகரத்தின் தெருக்களில் அமைதி நிலவவில்லை. 1216ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று புவோந்தெல்மோந்தே என்னும் இளைஞன் கொலையுண்டான். ஒரு குடும்பத்துப் பெண்ணை மணப்பதாக வாக்களித்துப் பின் வேறொருத்தியை மணக்கத் துணிந்ததே அவன் செய்த பிழை. அக்கொலையிலிருந்தே நகரம் குவெல்பு, கிபெல்லின் என இரு கட்சியாகப் பிளந்தது என்று பழைய நகர வரலாறுகள் குறிக்கின்றன. குவெல்பு கட்சி திருத்தந்தையின் பக்கமும், கிபெல்லின் கட்சி பேரரசரின் பக்கமும் நின்றன. ஒரு கட்சி வென்றால் மற்றக் கட்சியினரின் வீடுகள் இடிக்கப்படும்; அவர்தம் குடும்பங்கள் நாடு கடத்தப்படும்; காலம் மாறினால் காட்சியும் மாறும்.

தாந்தேயும் வாள் ஏந்தியவரே. 1289 ஜூன் 11 அன்று அரெத்சோ நகரப் படைக்கு எதிராக நடந்த கம்பால்தினோ போரில் அவர் புளோரன்சின் குதிரைப்படையில் நின்று பொருதார். 1300ஆம் ஆண்டில் நகர ஆட்சிக் குழுவின் உறுப்பினர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார். அதற்குள் குவெல்பு கட்சியே வெள்ளையர், கறுப்பர் என இரண்டுபட்டிருந்தது. 1301 நவம்பரில் பிரெஞ்சு இளவரசர் வலுவா சார்ல்சின் துணையோடு கறுப்பர் ஆட்சியைக் கைப்பற்றினர். 1302 சனவரி 27 அன்று, பொதுப்பணியில் கையூட்டுப் பெற்றார் என்று தாந்தேயின்மீது தீர்ப்பு விழுந்தது. 5,000 புளோரின் தண்டமும் ஈராண்டு நாடுகடத்தலும் விதிக்கப்பட்டன. அவர் தண்டம் கட்ட வரவில்லை. மார்ச்சு 10 அன்று, நகரின் கையில் அகப்பட்டால் உயிரோடு எரிக்கப்பட வேண்டும் என்று இரண்டாம் தீர்ப்பு வந்தது. அதன்பின் தாந்தே தம் ஊரைக் காணவே இல்லை.

ஆகவே, குற்றங்களைத் தரம் பிரித்துத் தண்டனை வகுக்கும் பணி தாந்தேக்கு ஏட்டுக் கல்வி அன்று. ஒரு நீதிமன்றம் கட்சிப் பகையால் குற்றத்தின் பெயரையே மாற்றி எழுதக்கூடும் என்பதை அவர் தம் வாழ்வில் கண்டறிந்தவர். எக்கட்சிக்கும் வளையாத ஒரு நீதிமன்றத்தைக் கற்பனையில் கட்ட முனைந்தவருக்கு, முதலில் ஒரு சட்டநூல் வேண்டியிருந்தது.

முன்னோர் பாடிய நரகம்

நரகத்தை முதலில் பாடியவர் தாந்தே அல்லர். அவருக்கு முன்பே மறுவுலகக் காட்சி நூல்கள் பல ஐரோப்பாவில் வழங்கின. அவற்றுள் ஒன்று, அயர்லாந்து வீரன் துந்தாலின் காட்சி பற்றி 1149இல் மார்க்கு என்னும் துறவி இலத்தீன் உரைநடையில் எழுதியது. கொலைகாரரின் ஆவிகள் காய்ந்த இரும்பு மூடியின்மேல் உருகித் தழலில் வீழ்வதை அந்நூல் விரித்துரைக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் வெரோனா நகரத்துத் துறவி ஜக்கோமினோவும், மிலான் நகரத்து ஆசிரியர் பொன்வெசினும் நரகத்தைப் பாட்டாகப் பாடினர். பொன்வெசின் நரக வேதனைகள் பன்னிரண்டை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார்.

இந்நூல்கள் கேட்போரை அஞ்ச வைக்கும் நோக்கின. அந்நோக்கத்தில் வெற்றியும் பெற்றன. ஆனால், அவற்றில் வேதனைகளுக்கு இருக்கும் கணக்கு, குற்றங்களுக்கு இல்லை. எந்தப் பாவம் எதனினும் கொடியது, அதற்குக் காரணம் என்ன என்னும் வினாக்களை அவை எழுப்புவதில்லை. சமய ஒழுக்க நூல்களில் ஆணவம், பொறாமை, சினம் முதலிய ஏழு தலையாய பாவங்களின் பட்டியல் இருந்தது. தாந்தே உத்தரிக்கும் தலத்தின் மலையை அந்த ஏழின்படியே அமைத்தார். நரகத்துக்கு அப்பட்டியல் போதாது என்று கண்டார். ஏழு பாவங்களும் உள்ளத்தின் சாய்வுகள். சினம் ஒரு சாய்வு. கொலை ஒரு செயல். மனந்திரும்பியவரிடம் திருத்த வேண்டியது உள்ளத்தின் சாய்வை. மனந்திரும்பாதவரிடம் தீர்ப்பிட வேண்டியது, அவர் பிறருக்கு இழைத்த அநீதியை. எனவே நரகத்துக்கு அவர் வேறோர் அளவுகோலைத் தேடினார்.

நாற்றத்திடையே நடந்த பாடம்

அந்த அளவுகோல் பதினோராம் படலத்தில் விளக்கப்படுகிறது. கீழ் நரகத்திலிருந்து எழும் தாங்கொணா நாற்றத்துக்கு மூக்கு பழகும்வரை, வெர்ஜிலும் தாந்தேயும் ஒரு கல்லறை மூடியின் மறைவில் ஒதுங்குகின்றனர். அந்நேரம் வீணாகாதிருக்க ஏதேனும் செய்யுமாறு மாணவர் வேண்ட, ஆசிரியர் நரகத்தின் அமைப்பையே பாடமாகச் சொல்கிறார். மாணவர் ஐயம் எழுப்புகிறார். ஆசிரியர் அரிஸ்டாட்டிலின் அறநூலை மறந்தனையோ என்று கடிந்து, பின் தெளிவிக்கிறார். பாவப் பாகுபாடு இவ்வாறு ஒரு வகுப்பறைப் பாடமாகவே வருவது கருதத்தக்கது.

அப்பாடத்தின் அடித்தளம் இரண்டு. முதலாவது, அரிஸ்டாட்டிலின் அறநூல். அடக்கமின்மையால் விளையும் தவறு வேறு, தீய எண்ணத்தால் விளையும் தவறு வேறு என்பது அந்நூலின் ஏழாம் பகுதியிலிருந்து பெறப்படும் கருத்து. காமம், பெருந்தீனி, பொருளாசை, சினம் ஆகியவற்றை அடக்க மாட்டாது வீழ்ந்தோர் இரண்டு முதல் ஐந்து வரையுள்ள மேல் வட்டங்களில் உள்ளனர். ஆறாம் வட்டம் சமயக் கோட்பாட்டை மறுத்தோர்க்கு உரியது. அதற்கும் கீழே, அறிந்தே அநீதி இழைத்தோர் இருக்கின்றனர்.

இரண்டாவது, உரோம அறிஞர் சிசரோ கி.மு. 44இல் கடமைகள் குறித்து எழுதிய நூல். அநீதி இரு வழிகளில் இழைக்கப்படும். ஒன்று வலிமை, மற்றொன்று வஞ்சனை. வலிமை சிங்கத்தின் இயல்பு, வஞ்சனை நரியின் இயல்பு. இரண்டும் மாந்தர்க்கு ஒவ்வாதன எனினும் வஞ்சனையே மிகுதியும் வெறுக்கத்தக்கது என்பது சிசரோவின் கருத்து. தாந்தே இதனை ஏற்று, அதற்குத் தம் காரணத்தையும் சேர்க்கிறார். வலிமையை விலங்கும் காட்டும். வஞ்சிப்பதற்கோ அறிவு வேண்டும். இறைவன் மாந்தர்க்கே உரியதாய் அளித்த அறிவைத் தீமைக்குப் பயன்படுத்துவதால் வஞ்சனை இறைவனுக்கு மிகுதியும் வெறுப்பைத் தருகிறது. ஆகவே வன்செயல் ஏழாம் வட்டத்திலும், வஞ்சனை எட்டாம் வட்டத்திலும், நம்பினோரை வஞ்சிக்கும் துரோகம் ஒன்பதாம் வட்டத்திலும் வைக்கப்படுகின்றன.

இக்காலப் படிப்பாளிக்கு இது வியப்பாகத் தோன்றலாம். முகத்துக்கு நேரே கத்தி எடுத்தவனுக்கும் கீழே, முகத்துதி பேசியவன் கிடக்கிறான். வழிப்பறிக் கொள்ளையன் ஏழாம் வட்டத்தில் நிற்க, ஒளிந்து திருடிய கள்வன் எட்டாம் வட்டத்தில் பாம்புகளிடையே தவிக்கிறான். தாந்தேயின் எண்ணத்தில் ஒரு நகரத்தைக் கட்டி நிற்பது மதில் அன்று. ஒருவர் சொல்லை ஒருவர் நம்பும் நம்பிக்கை. வன்செயல் உடலைத் தாக்குகிறது. வஞ்சனை அந்த நம்பிக்கையைத் தாக்குகிறது.

முதல் வளையம்: குருதியாறு

ஏழாம் வட்டம் மூன்று வளையங்களாகப் பிரிகிறது. யாருக்கு எதிரான வன்செயல் என்னும் கேள்வியே இப்பிரிவின் அடிப்படை. பிறர், தான், இறைவன் என்பன அம்மூன்று. ஒவ்வொன்றிலும் ஆளைத் தாக்குவதும் அவ்வாளுக்குரிய பொருளைத் தாக்குவதும் என இரு கூறுகள் உண்டு.

பிறரைக் கொன்றோரும், புண்படுத்தினோரும், அவர்தம் உடைமையை எரித்தோரும், கொள்ளையிட்டோரும் முதல் வளையத்தில் கொதிக்கும் குருதியாற்றில் மூழ்கியுள்ளனர். பிளெகெத்தோன் என்பது ஆற்றின் பெயர். சிந்திய குருதியே தண்டிக்கும் நீராகிறது. குற்றத்தின் அளவே ஆழத்தின் அளவு. கொடுங்கோலர் புருவம்வரை மூழ்கியுள்ளனர், கொலைகாரர் கழுத்துவரை, அவரினும் குறைந்த குற்றத்தார் மார்புவரை, இன்னும் குறைந்தோர்க்குக் கால் மட்டுமே வேகும். குதிரையுடலும் மனித மார்பும் கொண்ட கெந்தவுர்கள் அம்பேந்திக் கரையில் ஓடி, தமக்கு விதித்த அளவுக்குமேல் எவரேனும் தலை தூக்கினால் எய்கின்றனர்.

ஒரு கொலை செய்தவனுக்கும் மேலான ஆழத்தில் கொடுங்கோலனை வைத்தது தாந்தேயின் துணிவு. அவர் காட்டும் கொடுங்கோலர் பழங்காலத்தவர் மட்டும் அல்லர். சைரக்கியூசின் தியோனிசியுசோடு, 1259இல் இறந்த எத்செலினோவும் 1293இல் இறந்த எஸ்தே குடும்பத்து ஒபித்சோவும் அங்கே உள்ளனர். எத்செலினோ வெரோனா, பதுவா முதலிய நகரங்களை நடுங்க வைத்தவன். ஆயினும் அவன் உடன்பிறந்தாள் குனித்சாவை வானுலகில் தாந்தே சந்திக்கிறார். குடிப்பிறப்பால் ஒருவர் உயர்வதும் இல்லை, தாழ்வதும் இல்லை என்பது இதனாற் புலனாகும்.

கழுத்தளவு குருதியில் ஒருவன் மற்றவரினின்று விலகித் தனியே நிற்கிறான். அவன் கீ தெ மோந்போர். அவன் தந்தை சைமன் 1265இல் இங்கிலாந்தில் ஈவ்ஷாம் போரில் வீழ்ந்தார். அதற்குப் பழியாக, 1271இல் இத்தாலியின் வித்தெர்போ நகரில், கோயிலுக்குள், ஆங்கிலேய அரச குடும்பத்து ஹென்றியை அவன் குத்திக் கொன்றான். தந்தைக்காகப் பழி தீர்த்தல் அக்காலத்தில் மானமுடையோர் கடமை எனக் கருதப்பட்டது. புளோரன்சின் சட்டங்களும் பழிவாங்கலை அறவே தடுக்கவில்லை. 1325ஆம் ஆண்டு நகரச் சட்டத் தொகுப்பு, யாரை எந்த அளவுக்குப் பழிவாங்கலாம் என்று எல்லை வகுத்தது. தாந்தேயின் குருதியாற்றிலோ அத்தகைய சலுகை இல்லை. கொலைக்குப் பின்னால் நின்ற மானம் ஆழத்தை ஒரு விரற்கடையும் குறைக்கவில்லை.

இரண்டாம் வளையம்: முட்காடு

தன்னையே கொன்றவர் இரண்டாம் வளையத்தில் முள்மரங்களாக நிற்கின்றனர். நரக நடுவன் மீனோஸ் எறிய, ஆவி விழுந்த இடத்தில் விதைபோல் முளைத்து மரமாகிறது. பெண்முகம் கொண்ட ஹார்ப்பிப் பறவைகள் இலைகளைக் கொத்துகின்றன. ஒடிந்த இடத்திலிருந்து குருதியும் சொல்லும் சேர்ந்து வருகின்றன; புண்ணே வாயாகிறது. உடலைத் தாமே உதறியவர்களாதலின், இறுதித் தீர்ப்பு நாளில் மற்றவர்போல் இவர்கள் உடலை அணிய மாட்டார்கள். அவ்வுடல் அவரவர் மரத்தில் தொங்கும்.

தற்கொலையைப் பாவம் எனக் கொண்டதில் தாந்தே தனித்து நிற்கவில்லை. தன்னைக் கொல்பவன் நாட்டுக்கு அநீதி செய்கிறான் என்றார் அரிஸ்டாட்டில். தனக்கும், சமுதாயத்துக்கும், இறைவனுக்கும் செய்யும் தீங்கு என்றார் தாமஸ் அக்குவினாஸ். பொருளை வெறியோடு அழித்தோரும் இக்காட்டிலேயே கறுப்பு நாய்களால் துரத்தப்படுகின்றனர். பொருளாசையை அடக்காது செலவழித்தோர் நான்காம் வட்டத்தில் இருக்க, தம் வாழ்வாதாரத்தையே பகைத்து அழித்தோர் இங்கே உள்ளனர். வெளிப்பார்வைக்கு ஒன்றே போன்ற இரு செயல்களை உள்நோக்கம் கொண்டு பிரிக்கும் திறம் இதனால் விளங்கும்.

இக்காட்டில் பேசும் மரம் பியெர் தெல்லா வின்யா. பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் தலையமைச்சராக விளங்கி, துரோகி எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, கண்கள் குருடாக்கப்பட்டு, 1249இல் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர். தம் அரசருக்கு என்றும் நம்பிக்கை தவறியதில்லை என்று அம்மரம் ஆணையிடுகிறது. கேட்ட தாந்தே இரக்கத்தால் மேலே வினவ மாட்டாது நிற்கிறார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பியெர் மெய்யாகவே துரோகியாயின், அவருக்குரிய இடம் ஒன்பதாம் வட்டத்துப் பனிக்கட்டி. அவரை ஏழாம் வட்டத்தில் வைத்ததனாலேயே, அரசவை சுமத்திய துரோகக் குற்றத்திலிருந்து தாந்தே அவரை விடுவித்துவிடுகிறார். பாகுபாடு இங்கே தண்டிக்கிறது. அதே வேளையில் பழி துடைக்கவும் செய்கிறது. பொய்க் குற்றச்சாட்டால் ஊர் இழந்த ஒருவர், பொய்க் குற்றச்சாட்டால் உயிர் இழந்த ஒருவருக்கு வழங்கிய தீர்ப்பு அது. அவர் செய்யாத குற்றத்தை நீக்கினார். செய்த குற்றத்தை நீக்க மறுத்தார்.

மூன்றாம் வளையம்: நெருப்பு மழை

இறைவனுக்கு எதிரான வன்செயல் மூன்றாம் வளையத்தில் தண்டனை பெறுகிறது. எரிமணற் பரப்பின்மேல் தீத்துளிகள் மெல்ல மெல்லப் பெய்கின்றன. இறைவனை நேரே பழித்தோர் மல்லாந்து கிடக்கின்றனர். அவருள் தீபஸ் நகரை முற்றுகையிட்ட பழங்கதை வீரன் கப்பானேயுஸ் இன்னும் அடங்காது பழிக்கிறான். அக்காலத் திருச்சபை இயற்கைக்கு மாறானது எனக் கருதிய காம ஒழுக்கத்தினர் ஓய்வின்றி ஓடுகின்றனர். வட்டித்தொழில் செய்தோர் குந்தியிருக்கின்றனர்.

வட்டியை வன்செயல் என்றது எங்ஙனம் பொருந்தும்? தாந்தேயே இவ்வையத்தை எழுப்ப, வெர்ஜில் இம்முறை அரிஸ்டாட்டிலின் இயற்கை நூலையும் விவிலியத்தின் தொடக்க நூலையும் காட்டுகிறார். இயற்கை இறைவனிடம் பிறந்தது. மாந்தர் தொழில் இயற்கையைப் பின்பற்றிப் பிறந்தது. எனவே தொழில் இறைவனுக்குப் பெயர்த்தி போன்றது. இயற்கையின் விளைவாலும் தன் உழைப்பாலும் பிழைப்பதே மாந்தர்க்கு விதித்த வழி. காசைக் கொண்டே காசை ஈனுவிப்பவன் இரண்டையும் அவமதிக்கிறான்.

வட்டிக்காரர் எவரையும் தாந்தே முகத்தால் அடையாளம் காணவில்லை. ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கும் பணப்பையில் குடும்பச் சின்னம் மட்டும் தெரிகிறது. பெரும்பாலோர் புளோரன்சு நகரத்தவர். பதுவாவின் ஸ்க்ரோவெஞி குடும்பத்து நீலப் பன்றிச் சின்னமும் ஒரு பையில் உள்ளது. அக்குடும்பத்து என்ரிக்கோவே பதுவாவில் புகழ்பெற்ற சிற்றாலயம் எழுப்பியவர். 1305இல் அர்ச்சிக்கப்பட்ட அவ்வாலயச் சுவரில், ஓவியர் ஜோத்தோ இறுதித் தீர்ப்பையும் நரகத்தையும் தீட்டியுள்ளார்.

இம்மணலில்தான் தாந்தே தம் ஆசானைக் காண்கிறார். புளோரன்சின் அறிஞரும் அரசியலாளருமான புருனெத்தோ லத்தீனி 1294இல் மறைந்தவர். அவரைக் கண்ட தாந்தே பன்மை வாய்பாட்டு மரியாதைச் சொல்லால் விளித்து, தலை குனிந்து, உடன் நடக்கிறார். ஒருவன் எவ்வாறு அழியாப் புகழ் பெறுவான் என்பதைக் கற்பித்த தந்தை போன்றவர் என்று நன்றி பாராட்டுகிறார். ஆயினும் ஆசானின் இடத்தை மாற்றவில்லை. தீர்ப்பு ஒரு பக்கமும் நன்றி ஒரு பக்கமும் நிற்க, இரண்டையும் சமரசம் செய்யாமலே படலம் முடிகிறது. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் நெஞ்சைவிட்டு அகலாத பகுதி இது.

ஏழாம் வட்டத்தில் இல்லாத கொலைகள்

கொலைகாரர் அனைவரும் ஏழாம் வட்டத்தில் இருப்பர் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். தாந்தேயின் பாகுபாட்டை முழுதும் உணர, அங்கே இல்லாத கொலைகளைத் தேட வேண்டும்.

1285ஆம் ஆண்டளவில் தன் மனைவி பிரான்செஸ்காவையும் அவளைக் காதலித்த தன் தம்பி பவுலோவையும் கொன்றவன் ஜியான்சோத்தோ. அவனுக்குக் காத்திருப்பது குருதியாறு அன்று. உறவினரைக் காட்டிக்கொடுத்தோர் உறையும் கயினா என்னும் பனிப்பகுதி. காயீனின் பெயரால் வழங்குவது அது. 1285இல் பாயென்சா நகரில் உறவினரை விருந்துக்கு அழைத்து உணவு மேசையில் கொல்வித்தான் துறவி அல்பெரிகோ. விருந்தினருக்கு இரண்டகம் செய்தோரோடு அவனும் பனியில் உறைந்துள்ளான். இக்குற்றம் புரிந்த கணமே ஆவி நரகில் வீழ்ந்துவிடும் என்றும், பூவுலகில் நடமாடும் உடலைப் பேய் ஒன்று இயக்கும் என்றும் தாந்தே கூறுகிறார். 1289இல் பீசா நகரத்தில் பிரபு உகொலீனோவை மக்களோடும் பேரர்களோடும் கோபுரத்தில் அடைத்துப் பட்டினியால் மாள வைத்தவர் பேராயர் ருஜ்ஜியேரி. அங்கே குருதி சிந்தவில்லை. ஆயினும் இருவருமே நாட்டைக் காட்டிக்கொடுத்தோர் பகுதியில் ஒரே பனிக்குழியில் உறைந்துள்ளனர். நரகின் அடியாழத்தில் யூதாசும், சீசரைக் கொன்ற புருட்டஸ், காசியுஸ் என்போரும் உள்ளனர்.

கொலைக்கு நா உதவியவன் எங்கே? 1216இல் புவோந்தெல்மோந்தேயைத் தீர்த்துக்கட்டுமாறு கூட்டத்தில் சொல்லி நகரின் நூற்றாண்டுப் பகைக்கு வித்திட்டவன் மொஸ்கா. அவன் எட்டாம் வட்டத்தில், பிளவு விதைத்தோரிடையே, கைகள் இரண்டும் வெட்டுண்டு நிற்கிறான். கொலை ஓர் உயிரைப் போக்கிற்று. அவன் சொல்லோ ஒரு நகரத்தைப் பிளந்தது. ஆகவே கொன்றவன் கையினும் சொன்னவன் வாய் கீழே தள்ளப்பட்டது.

அதே பள்ளத்தில் தாந்தேயின் குடும்பத்தவர் ஒருவரும் உள்ளார். தந்தைவழி உறவினரான ஜெரி தெல் பெல்லோ கொலையுண்டவர். அக்கொலைக்கு உறவினர் எவரும் பழி தீர்க்கவில்லை. அவர் தாந்தேயை நோக்கி விரல் நீட்டி அச்சுறுத்தி, பேசாமல் விலகுகிறார். பழி தீர்க்கப்படாத இழிவை உணர்ந்து தாந்தே அவர்மீது இரக்கம் கொள்கிறார். ஆனால் வாளை எடுப்பதாக எங்கும் சொல்லவில்லை. குடிமானத்தின் குரலும் அறத்தின் குரலும் ஒரே நெஞ்சில் மோதுவதை இங்கே காணலாம். அலிகியேரி குடும்பத்துக்கும் பகைவரான சக்கெத்தி குடும்பத்துக்கும் இடையே 1342இல்தான் சமாதான உடன்பாடு ஏற்பட்டது.

பாகுபாட்டின் எல்லை

இத்துணைத் திட்டமாகச் சட்டம் வகுத்தவர், அச்சட்டத்துக்கு விலக்கும் வைத்தார். கி.மு. 46இல் உத்திகா நகரில் சீசருக்குப் பணிய மறுத்துத் தம்மை மாய்த்துக்கொண்ட காத்தோ முட்காட்டில் இல்லை. உத்தரிக்கும் தலத்தின் காவலராக மரியாதையோடு நிற்கிறார். கற்பின் பொருட்டு உயிர்நீத்த லுக்ரேசியா, நரக வாயிலில் வேதனையற்ற சான்றோர் நடுவே இருக்கிறாள். விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் நீத்த உயிரை, நம்பிக்கை இழந்து நீத்த உயிரோடு ஒன்றாக எண்ண அவருக்கு மனம் வரவில்லை.

மற்றொரு விலக்கு மனந்திரும்பியோர்க்கு உரியது. கம்பால்தினோ போரில் தாந்தேயின் எதிரணியில் தலைமை தாங்கி வீழ்ந்தவர் புவோங்கோந்தே. அவர் உடல் கிடைக்கவே இல்லை. சாகும் தறுவாயில் சிந்திய ஒரு துளிக் கண்ணீரால் அவர் ஆவி மீட்கப்பட்டதாகத் தாந்தே பாடுகிறார். தம் படையினர் கொன்ற பகைவனுக்குக் கவிஞர் வழங்கிய இடம் மீட்பின் மலை. நரகின் வரிசை, திருந்த மறுத்த குற்றத்தின் வரிசையே என்பதை இது தெளிவாக்கும்.

அவர் கண்ணுக்குப் படாதனவும் உண்டு. தாந்தேயின் பாட்டனுக்குப் பாட்டனாகிய கச்சகுயீதா, இரண்டாம் சிலுவைப்போரில் மாண்டவர். வானுலகில் செவ்வாய்க் கோளில் மறைசாட்சியாக அவர் ஒளிர்கிறார். சமயத்தின் பெயரால் நடந்த போரில் சிந்திய குருதி, தாந்தேயின் ஆற்றில் சேரவில்லை. அக்காலக் கிறித்தவ உலகின் எல்லை எதுவோ அதுவே இவ்விடத்தில் கவிஞரின் எல்லையும் ஆயிற்று. இதனை மறைப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகும். தாந்தே வன்செயலை அதன் கொடூரத்தால் மட்டும் அளக்கவில்லை. எவருக்கு எதிரானது, எந்த உறவை அறுத்தது, அறிவு அதில் எத்துணைப் பங்கு கொண்டது என்று கேட்டு அளந்தார். அதனால் கொலை என்னும் ஒரே செயல், குருதியாற்றிலும், முட்காட்டிலும், பிளவு விதைத்தோர் பள்ளத்திலும், துரோகத்தின் பனியிலும் சிதறிக் கிடக்கிறது. கட்சிப் பகையையும் குடிப்பழியையும் மானம் என்று போற்றிய ஒரு நகரத்துக்கு, அம்மானத்தின் மெய்யான எடையை நிறுத்துக் காட்டிய தராசு அது.

1321 செப்டம்பரில் தாந்தே இரவென்னா நகரில் மறைந்தார். அவர் எலும்புகள் இன்றும் அங்கேயே உள்ளன. அவருக்கு எதிரான 1302ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கும் தீர்மானத்தைப் புளோரன்சு நகர மன்றம் 2008இல் நிறைவேற்றியது. நகரம் தன் பிழையைத் திருத்த 706 ஆண்டுகள் சென்றன. அதற்குள், அந்நகரத்து வட்டிக்காரரும் கொலைஞரும் பிளவு விதைத்தோரும் எந்தெந்த வட்டத்தில் நிற்கின்றனர் என்பதை உலகம் தாந்தேயின் பாட்டிலிருந்தே கற்றுக்கொண்டுவிட்டது.